பூட்டக்காவும் இலவசப் பெட்டியும்

எங்கள் ஊரில் இணைய இணைப்புக் கொடுக்கிற சின்னக் கம்பெனிகள் ஆறு. ஆறும் ஒன்றுக்கொன்று போட்டி. ஒருவருடைய வாடிக்கையாளரை இன்னொருவர் இழுத்துக்கொண்டால் தெருவில் முகம் கொடுத்துப் பேசமாட்டோம். ஆனாலும் வெளியுலகத்துக்குப் போகிற பெரிய இணைப்பைத் தனியாக வாங்க எவருக்கும் கட்டுப்படியாகாது. அதனால் ஆறு பேரும் சேர்ந்து ஒன்றை வாங்கி, பல் மருத்துவமனை ஒன்றின் மாடியறையில் கொண்டுவந்து இறக்கி, அங்கிருந்து பங்கு பிரித்துக்கொண்டோம். கீழே பல்லைக் குடைகிற சத்தம், மேலே மின்விசிறிகளின் இரைச்சல். ஊரின் மொத்த இணையமும் அந்த அறையிலிருந்த ஒரே ஓர் இரும்பு அலமாரி வழியாகத்தான் உள்ளே வந்தது, வெளியே போனது.

ஆறு கம்பெனிகளில் ஒன்றின் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொண்டவர் பூட்டக்கா. இன்னொன்றைப் பார்த்துக்கொண்டவன் நான். பூட்டக்கா என்பது நாங்கள் வைத்த பெயர். ஆறு பேரும் கூடிய முதல் கூட்டத்தில் ஒவ்வொருவரும் தன் கருவிகளின் பெருமையை அவிழ்த்துவிட, கடைசி வரை கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "எல்லாம் சரி, இதுக்கெல்லாம் பூட்டு எங்க?" என்று கேட்டார். அன்றிலிருந்து எதைக் காட்டினாலும் அதே கேள்வி. யாராவது புது கேமரா மாட்டினால் பூட்டு எங்க, புது ரவுட்டர் வைத்தால் பூட்டு எங்க. பெயர் ஒட்டிக்கொண்டது. அவருக்கும் அது பிடித்துத்தான் இருந்தது என்று நினைக்கிறேன்.

ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். கணவர் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்தார். ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டுகிறவர் வீட்டம்மாவின் கண்ணாடிக் கால் மட்டும் எப்போதும் நூல் சுற்றித்தான் இருக்கும். கேட்டால், "கடைக்குப் போனா வரிசையில நிக்கச் சொல்றார்" என்பார். அவருக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, மரியாதை உயரும். 'நீ' என்று பேசிக்கொண்டிருந்தவர் 'நீங்க'வுக்கு மாறினால் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். 'தாங்கள்' என்று வந்துவிட்டால் அந்த இடத்தைவிட்டு எழுந்துபோய்விடுவது நல்லது.

வருகிற இணைப்பை ஆறு பேருக்கும் பிரித்துக்கொடுத்த, அலமாரியில் இருந்த எங்கள் பொது சுவிட்சுக்கு வயதாகிவிட்டது. வெயில் ஏறினால் அதன் மூச்சு இரைப்பது கீழே பல் பிடுங்கிக்கொள்ள வந்தவர்களுக்கே கேட்கும். புதிது வாங்க வேண்டும் என்று பக்கத்து அறையில் கூட்டம் போட்டோம். பூட்டக்கா ஒரு யோசனையோடு வந்திருந்தார். வெவ்வேறு தயாரிப்பாளர்களின் சாதாரண சுவிட்சுகள் இரண்டு. ஒன்று படுத்தால் மற்றது எழுந்து நிற்கும். வேண்டாத சரக்கை வாசலிலேயே தடுக்கக் கொஞ்சம் எளிய விதிகள். அது போக, பெட்டி ஸ்தம்பித்துவிட்டால் உள்ளே போய்ப் பார்ப்பதற்கென்று கைபேசி இணைப்பில் ஒரு தனி வழி. பளபளப்பு எதுவும் இல்லாத யோசனை.

எங்கள் குழுவின் தலைவர் ஆறில் பெரிய கம்பெனியின் சொந்தக்காரர். வேலை தெரிந்த மனிதர், அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. அவர் தனியாக வரவில்லை. கையோடு ஒரு டீலரை அழைத்து வந்திருந்தார்.

"ஒரே பெட்டி சார்," என்றார் டீலர். "சுவிட்சும் இதுதான், காவலும் இதுதான். உள்ள வர்ற ஒவ்வொண்ணையும் பிரிச்சுப் பார்த்துத்தான் விடும். உங்க ஊரை எங்க கம்பெனி ஒரு முன்மாதிரியாக் காட்டப் போகுது. அதனால பெட்டி இலவசம். பராமரிப்பையும் தலைமை அலுவலகத்துல இருந்தே நாங்க பார்த்துக்குவோம். நீங்க தொடவே வேண்டாம்."

இலவசம் என்ற சொல் விழுந்ததும் அறையின் முகம் மாறியதை நான் பார்த்தேன். நாற்காலிகள் முன்னால் நகர்ந்தன.

"தொடவே வேண்டாமா, தொடவே கூடாதா?" என்று கேட்டார் பூட்டக்கா.

டீலர் சிரித்தார். "ரெண்டும் ஒண்ணுதானே மேடம்."

"ஒண்ணு இல்லீங்க."

தலைவர் சமாதானப்படுத்த வந்தார். "தானமா வந்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பார்க்கக் கூடாதும்மா." சொல்லிவைத்தாற்போல் கீழே பல் மருத்துவரின் இயந்திரம் கிர்ரென்று கிளம்பியது. எல்லாரும் சிரித்துவிட்டோம்.

பூட்டக்காவும் சிரித்தார். "பல்லைப் பார்க்க வேண்டாம் சார். கயிறு யார் கையில இருக்குன்னு பார்த்தீங்களா? மாடு நம்ம கொட்டகையில நிக்கும், கயிறு அவங்க ஊர்ல இருக்கும். ராத்திரி மாடு மிரண்டா யாரு போய்ப் பிடிக்கிறது?"

பிறகு எழுந்து நின்று, நெட்வொர்க் தெரியாத கணக்குப்பிள்ளைக்கும் புரிகிற மாதிரி விளக்கினார். "இந்தப் பெட்டி வாசல் காவலாளி மாதிரி. வர்றது யாரு, எந்த வீட்டுக்குப் போனாங்க, திரும்பினாங்களா இல்லையா, அத்தனையும் இது ஞாபகத்துல வெச்சுக்கணும். ஒரு வீட்டு வாசல்ல அப்படி ஆள் போட்டா சரி. ஊர் வாசல்ல போட்டா? எவனாவது பொய்ப் பேர்ல லட்சம் பேரை ஒரே நேரத்துல தள்ளிவிட்டான்னா, பேரை எல்லாம் மனப்பாடம் பண்ணியே காவலாளி மயங்கி விழுந்துடுவார். அப்புறம் நிஜமான ஆளும் உள்ள வர முடியாது. காவலாளியே கதவை அடைச்சுக்கிட்டுக் கிடப்பார்."

"எங்க பெட்டி மயங்காது மேடம்," என்றார் டீலர்.

"தாங்கள் அதைச் சோதித்துப் பார்த்திருக்கிறீர்களா?"

நான் என் நாற்காலியைப் பின்னால் நகர்த்தினேன். டீலரோ, என்ன மரியாதையான அம்மா என்று நினைத்துக் கைகூப்பினார்.

அந்தத் தனி வழியையாவது போட்டுவிடுங்கள் என்று பூட்டக்கா கடைசியாகக் கேட்டுப் பார்த்தார். தலைமை அலுவலகத்தின் விதி அனுமதிக்காது, இரண்டு வாசல் வைத்தால் இரண்டு ஆபத்து என்று பதில் வந்தது. ஓட்டெடுத்தார்கள். பூட்டக்காவும் நானும் ஒரு பக்கம், மற்ற நால்வரும் இலவசத்தின் பக்கம். மறுவாரமே புதுப்பெட்டி நீல விளக்குகளோடு அலமாரியில் ஏறியது. கதவுக்கு டீலர் தன் கம்பெனியின் சீல் ஒட்டினார். பழைய சுவிட்சைத் தூக்கிப்போக ஆள் வராததால் அது மேசைக்கடியில் கிடந்தது.

சில மாதம் எல்லாம் சுகமாகப் போனது. தலைவர் வழியில் பார்க்கும்போதெல்லாம், "என்னம்மா, காவலாளி இன்னும் மயங்கலையே?" என்று கேட்பார். பூட்டக்கா, "நல்லா இருக்கட்டும் சார்" என்பார். அதை அவர் உண்மையாகவே சொன்னார். தன் வாக்கு பலிக்கட்டும் என்று காத்திருக்கிற ஜென்மம் இல்லை அவர்.

ஒரு வேலைநாள், முற்பகல். எங்கள் கம்பெனியின் புகார் எண் அடிக்க ஆரம்பித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. தெரு தெருவாக இணையம் செத்துப்போயிருந்தது. காரணம் பின்னால்தான் தெரிந்தது. கம்ப்யூட்டர் விளையாட்டு ஒன்றில் எவனோ எவனிடமோ தோற்றிருக்கிறான். ஜெயித்தவன் எங்கள் ஊர் வாடிக்கையாளன். தோற்றவன் ஆத்திரத்தில், பொய்க் கோரிக்கைகளை மழையாகக் கொட்டுகிற கூலிப்படை ஒன்றை இணையத்திலேயே அமர்த்தி அந்த ஒரு வீட்டு முகவரியை நோக்கி ஏவிவிட்டான். காவலாளி ஒவ்வொரு பொய்ப் பெயரையும் கடமை தவறாமல் மனப்பாடம் செய்து, மயங்கி விழுந்தார். ஒரு வீட்டுக்கு வந்த வெள்ளத்தில் ஊர்க்கதவே சாத்திக்கொண்டது.

நான் மாடியறைக்கு ஓடியபோது பூட்டக்கா எனக்கு முன்பே வந்திருந்தார். தலைவர் அலமாரிக்கு முன்னால் கைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு நின்றார்.

"தலைமை அலுவலகத்துல பார்த்துக்கிட்டு இருக்காங்களாம்," என்றார்.

"எந்த வழியா பார்க்கறாங்க சார்?"

"எந்த வழியான்னா?"

"அவங்க உள்ள வர்ற வழியும் இந்தப் பெட்டி வழியாத்தானே வருது? பெட்டியே விழுந்து கிடக்கு. எந்த வழியா வந்து எதைப் பார்க்கறாங்க?"

தலைவர் அந்தக் கேள்வியை அப்படியே கைபேசிக்குள் சொன்னார். மறுமுனையில் இருந்தவர் லைனில் காத்திருக்கச் சொன்னார். காத்திருந்தோம். காத்திருப்போருக்காக ஒரு பாட்டு வேறு ஒலித்தது.

அப்போது பூட்டக்காவின் கைபேசி அடித்தது. அழைத்தது அவர் தங்கை. தங்கைக்கு ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் வேலை. ஊரில் யார் எங்கே விழுந்தாலும் அழைக்கிற எண் அவர் மேசையில்தான் ஒலிக்கும். அந்தத் தொலைபேசிகளும் இணையத்தில்தான் ஓடின. பூட்டக்கா கைபேசியின் ஸ்பீக்கரைப் போட்டுத் தூக்கிப் பிடித்ததால் எங்களுக்கும் கேட்டது.

"அக்கா, உங்க லைன் இருக்கா? இங்க ரொம்ப நேரமா ஒரு போன் கூட அடிக்கலை. இன்னிக்கு ஊர்ல எல்லாரும் நல்லா இருக்காங்கன்னு நெனச்சு நாங்க சந்தோஷமா உக்காந்திருந்தோம்க்கா. இப்ப ஒருத்தர் ஒத்தைச் செருப்போட ஓடி வந்து நிக்கறார். பொண்டாட்டி மயங்கி விழுந்துட்டாங்களாம். கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்து, லைன் கிடைக்காம, அவ்வளவு தூரமும் ஓடியே வந்திருக்கார். வண்டியை அனுப்பிட்டோம். இன்னும் எத்தனை பேர் இப்படிக் கூப்பிட்டுக்கிட்டு இருக்காங்களோ தெரியலையேக்கா..."

பூட்டக்கா கைபேசியைப் பையில் போட்டார். மேசைக்கடியில் குனிந்து பழைய சுவிட்சை இழுத்தார். அதன் மேல் படிந்திருந்த தூசியைப் புடவைத் தலைப்பால் துடைத்தார்.

"என்னம்மா பண்றே?" என்றார் தலைவர். "சீலை உடைச்சா கேரண்டி போயிடும். ஒப்பந்தம் இருக்கு. அவங்க ஆள் வர்ற வரைக்கும் பொறு."

"தாங்கள் தயவுசெய்து சற்று விலகி நிற்க வேண்டும்."

தலைவர் விலகவில்லை. இருவருக்கும் நடுவில் நான் புகுந்து நின்றேன். வீரமெல்லாம் இல்லை, நிற்க வேறு இடம் இல்லை. பூட்டக்கா சீலைக் கிழித்தார். புதுப்பெட்டியிலிருந்து கேபிள்களை ஒவ்வொன்றாக உருவி, எது யாருடையது என்று சொல்லிக்கொண்டே என் கையில் கொடுக்க, நான் பழையதில் செருகினேன். பழையதற்கு யாரையும் ஞாபகம் வைத்துக்கொள்கிற வேலை கிடையாது. வந்ததை வந்த வேகத்தில் தள்ளிவிடும், அவ்வளவுதான். அடுத்து, எங்களுக்குப் பெரிய இணைப்பைத் தருகிறவர்களைக் கைபேசியில் பிடித்து, வெள்ளம் குறிவைத்திருந்த அந்த ஒரு முகவரியைச் சொன்னார். "இதுக்கு வர்றதை எல்லாம் உங்க பக்கமே கொட்டிடுங்க. இந்தப் பக்கம் அனுப்பாதீங்க."

பச்சை விளக்குகள் சிமிட்டின. என் சட்டைப் பையில் கைபேசி துள்ளியது, இணையம் வந்துவிட்டதென்று அலுவலகத்திலிருந்து செய்தி. தலைவரோ இன்னும் லைனில் காத்திருந்தார். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

ஓடி வந்தவரின் மனைவி தையல்காரி. கடைவீதிக்குப் பின்னால் ஒற்றை மெஷின் போட்டு, பள்ளிக்கூடச் சீருடை தைத்துக்கொண்டிருந்தவர். மூளைக்குப் போகிற ரத்தக்குழாயில் அடைப்பு. பிழைத்துக்கொண்டார். ஆனால் வலது கையும் காலும் அவர் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிட்டன. கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் இவ்வளவுக்குப் போயிருக்காது என்று மருத்துவர் சொன்னாராம். வேண்டுமென்று சொல்லியிருக்க மாட்டார், வாய் தவறி வந்திருக்கும். அதைத் தங்கை வந்து சொன்னபோது பூட்டக்கா கண்ணாடியைக் கழற்றி, அதன் காலில் சுற்றியிருந்த நூலைப் பிரித்து மறுபடி சுற்றினார்.

இதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் ஆத்திரம் வருகிறது.

குழுவின் பெயரில் ஓர் அறிவிப்பு வந்தது. ஊரெல்லாம் படித்தார்கள். இணையச் சேவை தடைப்பட்டதற்குக் காரணம் எதிர்பாராத தொழில்நுட்பக் கோளாறும், அதைத் தொடர்ந்து உறுப்பினர் ஒருவர் அனுமதியின்றிச் செய்த தலையீடும் என்று அதில் இருந்தது. எதிர்பாராத! கூட்டம் போட்டு, எழுந்து நின்று, காவலாளி கதை சொல்லி எதிர்பார்த்தவரை அருகிலேயே வைத்துக்கொண்டு எழுதிய சொல் அது. தலையீட்டால் சேவை திரும்பி வந்தது என்று ஒரு வரி கிடையாது. படிக்கிறவனுக்கு, அந்த அம்மா போய் எதையோ பிடுங்கியதால்தான் ஊர் இருண்டது என்றே தோன்றும். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

"கோளாறாம்!" என்றார் பூட்டக்கா என்னிடம். "கோள் பண்ற வேலைக்குத்தான் கோளாறுன்னு பேரு. சனியும் ராகுவுமா வந்து ஓட்டுப் போட்டாங்க? நாலு மனுஷங்க நாற்காலியில உக்காந்து கையைத் தூக்கினாங்க தம்பி. நான் பார்த்துக்கிட்டுத்தானே இருந்தேன்."

மாடியறைக் கதவு கைரேகை வைத்தால் திறக்கும். அவர் ரேகையை அதிலிருந்து நீக்கினார்கள். அவருடைய கம்பெனி முதலாளி சாதுவான ஆள், நிழலைக் கண்டாலும் வழிவிடுகிறவர். பூட்டக்காவைக் கூப்பிட்டு, "சூடு ஆறுற வரைக்கும் கொஞ்ச நாள் லீவு போடுங்களேன்" என்றார்.

"எனக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லையே சார். தாங்கள் வேண்டுமானால் ஓய்வு எடுத்துக்கொள்ளலாம்."

முதலாளி எழுந்து அவருக்கு வழிவிட்டார்.

குழுவினர் கேபிள்களைத் திரும்பப் புதுப்பெட்டியிலேயே செருகினார்கள். பழைய சீல் இருந்த இடத்தில் இன்னும் பெரிய சீல். பொறுக்க முடியாமல் நானும் பூட்டக்காவும் ஒரு கூட்டத்தைக் கூட்டச் சொன்னோம். விதிப்படி இரண்டு கம்பெனிகள் கேட்டால் கூட்டித்தான் ஆக வேண்டும். டீலர் ஒரு விளக்கப் படத்தோடு வந்தார். திரையில் அம்புக்குறிகள் ஓடின. தாக்குதல் மிகப் பெரியது, உலகில் எந்தப் பெட்டியும் தாங்கியிருக்காது, இதைவிடப் பெரிய மாடலுக்கு மாறினால் தாங்கும் என்றார். உலகில் எந்தப் பெட்டியும் தாங்காது என்ற வாய் மூடுவதற்குள்ளேயே, இது தாங்கும் என்கிறது அதே வாய். வேலியும் நானே, பயிரை மேய்ந்தவனும் நானே, புது வேலி விற்கிறவனும் நானே.

"மேசைக்கடியில கிடந்த கிழட்டுப் பெட்டி தாங்குச்சே," என்றார் பூட்டக்கா.

"அது பாதுகாப்புப் பெட்டியே இல்லையே மேடம்."

"அதனாலதான் தாங்குச்சு."

அறையின் பின்பக்கம் ஒருவர் எழுந்து நின்றார். அவர் யாரென்று அதுவரை எவரும் கேட்கவில்லை. டீலரின் ஆள் என்று நாங்களும், எங்கள் ஆள் என்று டீலரும் நினைத்திருந்தோம். தையல்காரியின் கணவர். பூட்டக்கா அழைத்துவரவில்லை. தங்கை வாய்வழியாகக் கூட்டம் நடப்பதைக் கேள்விப்பட்டு அவராகவே வந்திருக்கிறார்.

"எனக்கு நீங்க பேசறது புரியலைங்க," என்றார். "எந்தப் பெட்டின்னு ஒரு தடவை பார்க்கலாமா?"

பூட்டக்காவுக்குக் கதவு திறக்காது. நான் எழுந்துபோய்ப் பக்கத்து மாடியறைக் கதவை என் விரலை வைத்துத் திறந்தேன். அவர் அலமாரியின் கண்ணாடிக் கதவுக்கு நெருக்கமாகப் போய் நின்று பார்த்தார். நீல விளக்குகள் அவர் முகத்தில் விழுந்தன.

"இவ்வளவுதானா?" என்றார். "என் வீட்டுத் தையல் மெஷினை விடச் சின்னதா இருக்கு." பின்னாலேயே வந்து நின்ற தலைவர் பக்கம் திரும்பினார். "இதைக் கழட்டினவங்க மேல கோபமா இருக்கீங்களாமே. கொஞ்சம் சீக்கிரம் கழட்டியிருந்தா என் பொண்டாட்டி இன்னிக்கு ஊசியில நூல் கோத்திருப்பா."

குரலை உயர்த்தாமல் சொன்னார். சொல்லிவிட்டு, பார்க்க விட்டதற்கு எனக்கு நன்றி வேறு சொன்னார். அந்த நன்றியைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இந்த இடத்தில் தலைவர் எழுந்து மன்னிப்புக் கேட்டார் என்று எழுத எனக்கும் ஆசைதான். கேட்கவில்லை. "ரொம்ப வருத்தமான விஷயம். குழு இதைக் கருத்தில் கொள்ளும்" என்றார். அறிவிப்பைத் திருத்துங்கள் என்று பூட்டக்கா கேட்டதற்கு, வெளியிட்டதைத் திருத்தினால் குழுவின் மதிப்புக் கெடும் என்று பதில் வந்தது. மறுபடி ஓட்டு. இம்முறை மூன்றுக்கு மூன்று. கை மாற்றித் தூக்கியவர் ஒருவர்தான். சமமானால் தலைவர் ஓட்டுச் செல்லும் என்ற விதியை அப்போதுதான் ஞாபகப்படுத்தினார்கள். பெட்டி அங்கேயே இருந்தது.

"சரி," என்று எழுந்தார் பூட்டக்கா. "அந்த மதிப்பைத் தாங்களே வைத்துக்கொள்ளுங்கள்."

வெளியே வந்து படிக்கட்டில் நின்று, என்னையும் கை மாற்றித் தூக்கியவரையும் பார்த்து, "கேபிள் இழுக்க எத்தனை நாள் ஆகும்?" என்று கேட்டார். எங்கள் மூன்று கம்பெனிகளும் பிரிந்து வந்தோம். வேறொரு பக்கத்திலிருந்து சின்ன இணைப்பு ஒன்று எடுத்தோம். பூட்டக்கா சொன்ன அந்தப் பளபளப்பில்லாத யோசனை அப்படியே நடந்தது. இரண்டு தயாரிப்பாளர்களின் இரண்டு சுவிட்சுகள், உள்ளே போய்ப் பார்க்கத் தனி வழி. சாது முதலாளி முதலில் நடுங்கினார். பிறகு, தன் வீட்டுக்கே முதல் இணைப்பைக் கொடுக்கச் சொன்னார். ஆம்புலன்ஸ் அறைக்கு இப்போது இரண்டு பக்கத்திலிருந்தும் இணைப்பு. ஒன்று போனாலும் மணி அடிக்கும். அதற்கான வேலையில் தங்கையின் மேலதிகாரியிடம் பூட்டக்கா எத்தனை முறை 'தாங்கள்' போட்டார் என்பதைத் தங்கை சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

அந்த டீலருக்குப் பதவி உயர்வு. எங்கள் ஊர் முன்மாதிரி என்ற படம் அவர்கள் விளம்பரத்தில் இன்னும் வருகிறது. பல் மருத்துவமனை மாடியில் நீல விளக்கு எரிகிறது. அதற்குப் பிறகு அது ஒரு தடவை படுத்தபோது எங்கள் பக்கம் ஓடி வந்த வாடிக்கையாளர்களை நாங்கள் சேர்த்துக்கொண்டோம். பூட்டக்கா அதற்கும் சந்தோஷப்படவில்லை. "அந்தப் பக்கமும் வீடுங்கதானே இருக்கு" என்றார்.

தையல்காரி இடது கையால் கத்தரிக்கப் பழகிவருகிறார். மெஷினைக் கணவர் மிதிக்கிறார். தையல் கோணலாகத்தான் வருகிறது. பூட்டக்கா தன் வீட்டுத் திரைச்சீலைகளை அங்கேதான் தைக்கக் கொடுத்தார், கூலியில் ஒரு வார்த்தை பேரம் பேசாமல். ஆனால் ஓரம் கோணலாக இருக்கிறது என்று மட்டும் முகத்துக்கு நேரே சொல்லிப் பிரித்துத் தைக்க வைத்தார். இரக்கப்பட்டுக் கோணலை வாங்கிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்து அலுத்திருந்ததாம் அந்த அம்மாவுக்கு. அன்று வெகுநாள் கழித்துப் பூட்டக்காவோடு உரக்கச் சண்டை போட்டாராம்.

அறிவிப்பு இன்றுவரை திருத்தப்படவில்லை. இதைக் கேட்க வேண்டிய இடத்திலெல்லாம் பூட்டக்கா கேட்டுக்கொண்டே இருக்கிறார். போன வாரம்கூட, விடுங்களேன் அக்கா, இனி யார் ஞாபகம் வைத்திருக்கப் போகிறார்கள் என்றேன்.

"நான் வெச்சிருக்கேனே," என்றார். "போய் வேலையைப் பார்க்கவும் தாங்கள்."

எழுந்து போய்விட்டேன்.